அந்தப் பத்துப் பைசா யாருடையது?

நகராட்சிகளும் மாநகராட்சிகளும் வரிசையாகத் திறந்துவரும் ‘அறிவுசார் மைய’ங்களுக்குப் பாராட்டு குவிகிறது. கணினி, இணையம், போட்டித்தேர்வுப் புத்தகங்கள், சிறுவர்களுக்கென்று வண்ணம் பூசிய ஒரு மூலை. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட ‘முதல்வர் படைப்பக’த்தை ஊர்தோறும் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு உட்கார்ந்து படிக்க ஓர் இடம் கிடைத்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மையத்துக்கு நாலு தெரு தள்ளி ஒரு கிளை நூலகம் இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லி அதே நகராட்சி வீடு வீடாக வசூலிக்கும் வரி என்ன ஆகிறது?

சொத்து வரி கட்டும் எல்லோரும் நூலக வரியும் கட்டுகிறோம். ரூபாய்க்கு 10 பைசா. பலருக்கு இது தெரியாது; தெரிந்தவர்களும் கணக்குக் கேட்பதில்லை. சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்கென்று முதலில் சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1930-இல் மாதிரிச் சட்டம் எழுதி முன்வைத்தார். பதினெட்டு ஆண்டுகள் விடாமல் மன்றாடினார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948-இல் அது நிறைவேறியது. மக்களின் நூலகத்துக்கு மக்களே வரி கட்ட வேண்டும், அந்தப் பணத்தில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது என்பதுதான் அந்தச் சட்டத்தின் உயிர். வசூலிக்கும் வேலை மட்டுமே உள்ளாட்சிக்கு. பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் சேர வேண்டும்.

சேர்வதில்லை. சேர்ந்தாலும் அரைகுறையாக, ஆண்டுக்கணக்கில் தாமதமாகச் சேர்கிறது. சென்னை மாநகராட்சி உட்பட பல உள்ளாட்சிகள் நூலக வரியைக் கோடிக்கணக்கில் நிலுவை வைத்திருக்கும் செய்தி எந்த ஆட்சியிலும் வந்துகொண்டேதான் இருக்கிறது. 2022-இல் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தது. 2024-இல் சென்னையில் மேலும் 6 சதவீதம். சொத்து வரி ஏறினால் நூலக வரியும் கூடவே ஏறும். அப்படியென்றால் நம் கிளை நூலகங்களின் வருமானமும் அதே அளவு ஏறியிருக்க வேண்டும். ஏறியதற்கான அடையாளம் எந்த ஊரில் தெரிகிறது?

நான் வழக்கமாகப் போகும் கிளை நூலகத்தில் ஒரு மழைக்காலத்தில் சுவரோரக் கூரை ஒழுகியது. அந்த வரிசை பீரோக்களை நடு அறைக்கு நகர்த்தினார்கள். இன்றும் அவை அங்கேதான் நிற்கின்றன. வாசிப்பு மேசை பாதியாகச் சுருங்கிவிட்டது. பெரியவர்கள் ஜன்னலை ஒட்டி நின்றபடி தினசரி படிக்கிறார்கள். நூலகருக்கு இன்னொரு நூலகத்தின் கூடுதல் பொறுப்பும் உண்டு. அவர் அங்கே போகும் நாளில் இங்கே பூட்டு. ஒருநாள் இரவல் வாங்கிய நாவலின் பின்னட்டையில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தேன். கடைசி முத்திரை 2017. புத்தகம் புதிதாகத்தான் இருந்தது. அது எட்டாத பீரோவில் இருந்தது, அவ்வளவுதான். ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து, உறுப்பினராக வேண்டும் என்றார். படிவம் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள் என்று பதில் வந்தது. அவர் திரும்பவும் வந்திருப்பார் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

இதே வரியை நம்மில் பாதி விகிதத்தில் வாங்கும் கேரளத்தைப் பாருங்கள். அங்கே கட்டட வரியில் நூற்றுக்கு ஐந்துதான் நூலக வரி. தமிழ்நாட்டில் எல்லா வகையும் சேர்த்து சுமார் 4,600 பொது நூலகங்கள். 2011 கணக்கெடுப்பின் மக்கள்தொகையைக் கொண்டு வகுத்தால் ஏறத்தாழ 15,600 பேருக்கு ஒன்று. கேரளத்தில் நூலக கவுன்சிலோடு இணைந்தவை 8,000-க்கும் மேல். 4,200 பேருக்கு ஒன்று என்றாகிறது. இந்த ஒரு கணக்கை நம் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரின் மேசையிலும் ஒட்டிவைக்க வேண்டும்.

அங்கே இது அரசாணையால் வந்ததல்ல. 1945-இல் அம்பலப்புழையில் பி.என். பணிக்கர் 47 நூலகங்களின் பிரதிநிதிகளைக் கூட்டினார். அன்று தொடங்கிய சங்கம் கேரளம் முழுக்கப் பரவியது. அவர் மறைந்த ஜூன் 19-ஐ இன்றும் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1989-இல் சட்டம் வந்தபோதும் நூலகத்தின் சாவி ஊர்க்காரர்கள் கையை விட்டுப் போகவில்லை. உறுப்பினர்களே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கிருந்து தாலுகா, மாவட்டம், மாநிலம் என்று கீழிருந்து மேலே தேர்தல் போகிறது. நூலகத்தின் செயல்பாட்டைப் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். தரத்துக்கு ஏற்ப மானியம். வீட்டை விட்டு வர முடியாத பெண்களுக்கும் முதியோருக்கும் புத்தகத்தை வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கவும் ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள்.

இங்கும் ‘நூலக நண்பர்கள்’ என்று தன்னார்வலர்களை வைத்து அப்படியொரு திட்டம் வந்தது. நல்ல திட்டம். ஆனால் மன்னார்குடியில் 1931-லேயே மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுவட்டார ஊர்களுக்குக் கொண்டுபோனவர்கள் நாம். மக்களைத் தேடிப் போவதை நாம் கேரளத்திடம் கற்க வேண்டியதில்லை. நிர்வாகத்தை மக்களிடம் விடுவதைத்தான் கற்க வேண்டும். நம் நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. விழா நடத்தலாம், சிறுவர்களுக்குப் பரிசு கொடுக்கலாம், புரவலர் சேர்த்துத் தரலாம். இந்த ஆண்டு எவ்வளவு வரி வந்தது, எந்தப் புத்தகம் வாங்கினீர்கள் என்று கேட்க அதற்கு உரிமை இல்லை.

கேரளத்திலும் வரி பாக்கி உண்டு என்று அதிகாரிகள் சொல்வார்கள். பாக்கி வைப்பது எல்லோருக்கும் பழக்கம் என்பதைத் தவிர இதில் என்ன வாதம் இருக்கிறது? அறிவுசார் மையங்களுக்கு நிதி வேறு தலைப்பில், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தில் வருகிறது என்பார்கள். வரட்டும். வசூலித்த டிக்கெட் பணத்தைக் கட்டாத கண்டக்டர், ஊருக்கு வேறொரு பஸ் விட்டேன் என்று சொன்னால் டிப்போவில் ஏற்றுக்கொள்வார்களா? எல்லாம் செல்போனுக்கு வந்துவிட்டது, இனி நூலகத்துக்கு யார் வருவார்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவே தேவையில்லை. அவர்கள் நூலகப் படியை மிதித்துப் பல காலம் ஆகியிருக்கும். பூட்டிய கதவின் முன்னால் கூட்டம் எப்படி வரும்?

இதில் உண்மையிலேயே ஆபத்தானது இன்னொன்று. நூலகம் என்றால் தேர்வுக்குப் படிக்கும் இடம் என்ற எண்ணத்தை அரசே வளர்க்கிறது. அந்த இளைஞர்கள் சொந்தப் புத்தகத்தோடு வருகிறார்கள், படிக்கிறார்கள், வேலை கிடைத்தால் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு நாற்காலியும் மின்விசிறியும் வேண்டும்; கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் வாடகை வீட்டில் இருக்கும் இல்லத்தரசிக்கும், ஓய்வுபெற்ற தபால்காரருக்கும், வண்ணம் பூசிய மூலையைத் தாண்டி ஆறாம் வகுப்புச் சிறுமிக்கும் அந்த மையத்தில் என்ன இருக்கிறது? சொத்து வரியின் சுமை வாடகையில் ஏறி அந்த இல்லத்தரசியின் தலையிலும்தான் விழுகிறது.

பெரிய நூலகங்களைக் காட்டி வாயடைக்கிறார்கள். கோட்டூர்புரத்தில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம், அடுத்து கோவை, திருச்சி. இவற்றைக் கண்டு நானும் மகிழ்ந்தவன்தான். 2011-இல் அண்ணா நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அன்றைய அரசு அறிவித்தபோது எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் கொதித்தெழுந்தார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் பிழைத்தது. ஒரு கிளை நூலகம் பூட்டிக் கிடந்தால் யார் நீதிமன்றம் போகிறார்கள்? மதுரையின் ஏழு மாடி நூலகத்துக்கு உசிலம்பட்டிக்காரர் மாலையில் நடந்து போய்ப் புத்தகம் மாற்ற முடியாது. வாசகன் உருவாவது தெருமுனை நூலகத்தில்தான்.

ஆகவே, நிலுவையைக் கடைசிப் பைசா வரை செலுத்தாத எந்த உள்ளாட்சிக்கும் புதிய அறிவுசார் மையம் அனுமதிக்கப்படக் கூடாது. நூலக வரி வசூலாகும் அன்றே தனிக் கணக்குக்குப் போக வேண்டும். இணையத்தில் சொத்து வரி கட்டும் இந்தக் காலத்தில் அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒவ்வொரு கிளை நூலகத்திலும் உறுப்பினர்கள் வாக்களித்து ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கட்டும். புத்தகத் தேர்விலும் செலவுக் கணக்கிலும் அந்தக் குழுவின் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகரக் கூடாது. இந்த மூன்றையும் செய்தால் இரண்டே ஆண்டுகளில் நம் நூலகங்கள் கேரளத்தைத் தாண்டும். செய்ய மனமில்லை என்றால் அடுத்த அரையாண்டிலிருந்து சொத்து வரியில் நூலக வரியைப் பிடிப்பதை நிறுத்திவிடுங்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து நாங்களே எங்கள் தெருவில் நூலகம் நடத்திக்கொள்கிறோம்.