சாவிக்கொத்து யார் இடுப்பில்?

“எழுதுவது நாங்கள், டெக்னிக்கல் வேலையெல்லாம் ஒரு தோழர் பார்த்துக்கொள்கிறார்.” பெண்கள் குழுக்களில் பெருமையாகச் சொல்லப்படும் வாக்கியம் இது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

2010இல் வந்த வேர்ட்பிரஸ் 3.0 முதல், ஒரே நிறுவலில் பலருக்கும் தனித்தனி வலைப்பூ தரும் மல்ட்டிசைட் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. பத்துப் பெண்களுக்குப் பத்து வலைப்பூக்கள். பார்வைக்குப் பத்து வீடுகள். உண்மையில் ஒரே தரவுத்தளத்தில் தடுத்த பத்து அறைகள். சாவிக்கொத்து ‘சூப்பர் அட்மின்’ இடுப்பில். புதிய பிளக்இன் நிறுவவும், எவளுடைய வலைப்பூவையும் அழிக்கவும் அவரால் முடியும். அவருக்கும் மேலே, ஹோஸ்டிங் கணக்கின் கடவுச்சொல் வைத்திருப்பவர். பெரும்பாலும் இருவரும் ஒருவரே.

அப்படியென்ன பெரிய வித்தை? ஒரு தரவுத்தளம் உருவாக்கி வேர்ட்பிரஸை நிறுவ வேண்டும். அமைவுக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். பிறகு திரை தரும் வரிகளை இரண்டு கோப்புகளில் ஒட்ட வேண்டும். பலர் பகிரும் மலிவான ஹோஸ்டிங்கில் துணை டொமைன் தகராறு செய்தால், துணைக் கோப்புறை முறை போதும். ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பதைவிட இது கடினமல்ல.

கணக்கு நம்மில் ஒருத்தி பெயரில் இருக்கட்டும். சூப்பர் அட்மின்களாக இரண்டு பெண்களாவது இருக்கட்டும். ஒவ்வொருத்தியும் தன் எழுத்தின் நகலை மாதந்தோறும் எடுத்து வைக்கட்டும். தோழர் நல்லவராகவே இருக்கலாம். அந்த நல்ல குணத்தை நம்பி நம் எழுத்து நிற்கக் கூடாது.