இரண்டாம் பந்தி



1793 ஆகஸ்ட் 22. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு புதிய தேவாலயத்துக்குக் கூரை ஏற்றிய நாள். வேலை முடிந்ததும் பெரிய மரங்களின் நிழலில் விருந்து நடந்தது. தச்சர்களும் விருந்தினர்களுமாகச் சுமார் நூறு பேர் முதலில் உட்கார்ந்தார்கள். கறுப்பின மக்கள் பரிமாறினார்கள். அந்தக் காலத்தில் இது யாருக்கும் வியப்பாக இருந்திருக்காது. அவர்கள் எழுந்த பிறகு, அதே மேசையில் ஐம்பது கறுப்பின மக்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பரிமாறியவர்கள் வெள்ளையர்கள்! அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட மருத்துவர் பெஞ்சமின் ரஷ் அன்று அந்த விருந்தில் இருந்தார். தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

யார் உட்காருவது, யார் பரிமாறுவது என்பதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பந்தி தெரிந்த நமக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த இரண்டாம் பந்தி சில நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. அதனால்தான் இந்த மாதம் அந்தத் தேவாலயத்தைப் பற்றி, புனித தோமா ஆப்பிரிக்க எபிஸ்கோப்பல் சபையைப் பற்றி, உங்களோடு பேச வந்தேன்.

அந்தச் சபையின் தந்தை அப்சலோம் ஜோன்ஸ். 1746இல் டெலவேர் பகுதியில் அடிமையாகப் பிறந்தவர். சிறுவயதில் கையில் கிடைத்த சில்லறைக் காசுகளைச் சேர்த்துப் புத்தகம் வாங்கித் தானாகவே படிக்கக் கற்றார். அவருடைய பதினாறாம் வயதில், எஜமானர் அவருடைய தாயையும் உடன்பிறந்தவர்களையும் விற்றுவிட்டு, அவரை மட்டும் பிலடெல்பியாவுக்குக் கூட்டிவந்தார். பகலில் எஜமானரின் கடையில் வேலை, பிறகு இரவுப் பள்ளி. 1770இல் மேரி என்ற அடிமைப் பெண்ணை மணந்தார்.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் ஒருவர் முதலில் யாரை விடுவிப்பார்? ஜோன்ஸ் மனைவியை விடுவித்தார். அன்றைய சட்டப்படி பிள்ளைகள் தாயின் நிலையையே அடைவார்கள். தாய் சுதந்திரமானவள் என்றால் பிள்ளைகளும் சுதந்திரமானவர்கள். நன்கொடை கேட்டு, கடன் வாங்கி அவருடைய விடுதலைக்கான தொகையைக் கட்டினார். அந்தக் கடனை அடைத்த பிறகு தனக்காகச் சேமித்தார். பல முறை கேட்டும் எஜமானர் இசையவில்லை. 1784இல்தான் அவருக்கு விடுதலை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவரும் நண்பர் ரிச்சர்ட் ஆலனும் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் ஆராதித்து வந்தார்கள். கூட்டம் பெருகியபோது அந்த ஆலயத்தைப் பெரிதாக்க, கறுப்பின மக்களும் பணம் கொடுத்தார்கள், உழைப்பையும் கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை மேல்மாடத்துக்குப் போகச் சொன்னார்கள். போய் முழங்கால்படியிட்டார்கள். ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே, அது அவர்களுக்கான இடமில்லை என்று ஒருவர் வந்து ஜோன்ஸைப் பிடித்துத் தூக்கினார். ஜெபம் முடியும்வரை பொறுங்கள் என்று ஜோன்ஸ் கேட்டுக்கொண்டார். பொறுக்கவில்லை. ஜெபம் முடிந்தது, அவர்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்து வெளியே போனார்கள். ஆலன் தன் வாழ்க்கை நினைவுகளில் எழுதிவைத்திருக்கும் பகுதி இது. எத்தனை முறை படித்தாலும், ஜெபம் முடியட்டும் என்று காத்திருந்த அந்தச் சில நிமிடங்களில் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இருவரும் 1787 ஏப்ரலில் சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். உறுப்பினர்கள் மாதாமாதம் கட்டும் சிறு தொகையில் விதவைகளையும் நோயாளிகளையும் தாங்கிய சங்கம் அது. அதிலிருந்துதான் ஒரு தேவாலயம் எழுப்பும் எண்ணம் வளர்ந்தது.

கூரை விருந்து நடந்த அதே நாட்களில் நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் பரவத் தொடங்கியிருந்தது. நவம்பருக்குள் ஐம்பதாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் சுமார் ஐயாயிரம் பேர் மாண்டார்கள். வசதி உள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். கறுப்பினத்தவரை இந்த நோய் தொடாது என்று ரஷ் நம்பினார். அவர்களை உதவிக்கு அழைத்தார். அந்த நம்பிக்கை தவறு. ஜோன்ஸும் ஆலனும் ஆட்களைத் திரட்டி, நோயாளிகளைப் பராமரித்தார்கள், பிணங்களைச் சுமந்தார்கள். அவர்களுடைய மக்களிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். இதற்குப் பிறகும், கறுப்பினச் செவிலியர்களில் சிலர் அதிகப் பணம் பறித்தார்கள் என்று மேத்யூ கேரி என்ற பதிப்பாளர் எழுதினார். ஜோன்ஸும் ஆலனும் 1794இல் ஒரு சிறு நூல் வெளியிட்டு, வரவு செலவுக் கணக்கோடு பதில் சொன்னார்கள். கைக்கு வந்ததைவிடக் கையிலிருந்து போனதே அதிகம் என்று அந்தக் கணக்கு காட்டியது.

1794 ஜூலை 17 அன்று ஆலயம் திறந்தது. அந்த ஆண்டே எபிஸ்கோப்பல் திருச்சபையில் சேர்ந்தது. தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்துவோம், ஜோன்ஸ் எங்களுக்கு வழிகாட்டுவார், தகுதி பெற்றால் அவரே எங்கள் போதகராவார் என்று நிபந்தனை வைத்துத்தான் சேர்ந்தார்கள். பேராயர் வில்லியம் ஒயிட் ஏற்றுக்கொண்டார். 1795இல் ஜோன்ஸ் உதவிக்குருவானார். சில ஆண்டுகளில் குருப்பட்டம் பெற்றார். எபிஸ்கோப்பல் திருச்சபையின் முதல் கறுப்பினக் குரு அவர். மெதடிஸ்ட் வழியை விடமாட்டேன் என்று இருந்த ஆலன், 1794 ஜூலையிலேயே தனியாக பெத்தேல் ஆலயத்தைத் திறந்திருந்தார். பாதை பிரிந்தது, நட்பு பிரியவில்லை.

குருக்களுக்கு லத்தீனும் கிரேக்கமும் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. ஜோன்ஸுக்காக அதைத் தளர்த்தினார்கள். பதிலுக்கு, இந்தச் சபை திருமண்டலப் பேரவைக்குப் பிரதிநிதிகளை அனுப்பக்கூடாது என்றார்கள். மேல்மாடத்திலிருந்து எழுப்பியது போலவே இதுவும் என்று எனக்குப் படுகிறது. காகிதத்தில் எழுதியதால் சத்தம் கேட்கவில்லை, அவ்வளவுதான். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தடை நீடித்தது.

அந்த இடைக்காலத்தில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. அடிமை முறைக்கு எதிராக நாடாளுமன்றத்துக்கு மனு எழுதினார்கள். கப்பல் பாய் தைக்கும் தொழிலில் பெரும் செல்வம் ஈட்டிய ஜேம்ஸ் ஃபோர்டென் இந்தச் சபையைச் சேர்ந்தவர். 1808 ஜனவரி 1, அமெரிக்காவுக்கு அடிமைகளை இறக்குமதி செய்வது சட்டப்படி நின்ற நாளில், ஜோன்ஸ் இந்த ஆலயத்தில் நன்றிப் பிரசங்கம் செய்தார். 1818 பிப்ரவரி 13 அன்று இறந்தார். ஆண்டுதோறும் அந்த நாளில் எபிஸ்கோப்பல் திருச்சபை அவரை நினைவுகூர்கிறது.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிகிறது? வில்லியம் டக்ளஸ் என்ற அந்தச் சபையின் போதகர், பழைய சங்கத்தின் கூட்டக் குறிப்புகளைக்கூட விடாமல் தொகுத்து, 1862இல் சபை வரலாறாக அச்சிட்டார். அவருக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். சபை இன்று நகரின் வேறொரு பகுதியில், லங்காஸ்டர் அவென்யூவில் இருக்கிறது. அப்சலோம் ஜோன்ஸின் சாம்பல் அங்கே பீடத்தில் இருக்கிறது.

உங்கள் ஊர் ஆலயத்தில் முன்பு யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று பாட்டி, தாத்தா சொன்னது நினைவிருந்தால் எழுதுங்கள். பழைய சபைப் பதிவேடு ஏதாவது வீட்டுப் பெட்டியில் இருந்தால், கறையான் அரிப்பதற்குள் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். உங்கள் கடிதங்களுக்காகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்