ஒரே ஒரு ஈத்து

போன ஐப்பசிக் கடைசியில் எங்கள் வீட்டு கேட்டை ஐந்து கடுவன் நாய்கள் காவல் காத்தன. இஸ்திரி வண்டியடியில் படுத்துக்கிடக்கும் கறுப்பன், பிரியாணிக் கடைச் செவலை, எந்தத் தெரு என்றே தெரியாத மூன்று. மழை கொட்டியபோதுகூட நகரவில்லை. இதில் செவலைக்குக் காதில் முக்கோண வெட்டு உண்டு. மாநகராட்சி வண்டி பிடித்துப்போய்க் கருத்தடை செய்து திரும்ப விட்டதற்கு அடையாளம் அது. அதற்கு இங்கே என்ன வேலை? இருந்தாலும் வந்திருந்தது. இனிப்பைத் தொடாவிட்டாலும் பந்தியில் உட்கார்ந்துவிட்டுப் போகும் சர்க்கரை நோயாளி மாதிரி, வரிசையில் கடைசி ஆளாக.

உள்ளே சீனி. எட்டு மாதம். மொசைக் தரையில் பொட்டுப் பொட்டாக ரத்தம். அம்மா பழைய உள்பாவாடைத் துணியால் துடைத்துக்கொண்டே, “உளுந்தங்களி கிண்டட்டுமா ஏட்டி?” என்றாள். கோவில்பட்டிப் பக்கத்துக் கிண்டல். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பருவம் வருவதற்குள் ஆபரேஷனை முடித்துவிட வேண்டும் என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தவள் நான்.

தள்ளிப்போனதற்கு உண்ணிதான் காரணம். புரட்டாசியில் ஆறு மாதம் முடிந்ததும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மயக்க மருந்து கொடுக்கும் முன் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தால் பிளேட்லெட் 60,000. நாய்க்கு இரண்டு லட்சத்துக்குக் குறையக் கூடாது. உண்ணிக் காய்ச்சல் வந்திருப்பதே எங்களுக்குத் தெரியவில்லை, வாலாட்டிக்கொண்டுதான் இருந்தது. ரத்தம் உறையாத உடம்பில் கத்தி வைக்க முடியாது என்று சொல்லி டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தார். நாலு வாரம். இட்லிக்குள் வைத்துக் கொடுத்தோம். இரண்டாம் நாளே இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைச் சோபாவுக்கு அடியில் துப்பக் கற்றுக்கொண்டது. அப்புறம் கருவாட்டுத் தூளில் புரட்டினோம், அது வேலை செய்தது. நாலு வாரம் முடிந்து, பிளேட்லெட் ஏறி, தேதி குறித்து, அதற்கு மூன்று நாள் இருக்கும்போது தரையில் முதல் பொட்டு.

பருவத்தின்போது கர்ப்பப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம், அறுத்தால் ரத்தம் கூடுதலாகப் போகும், முடிந்து இரண்டு மூன்று மாதம் ஆகட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதினெட்டு நாள், பாரதப் போர் மாதிரி. காலை நாலு மணிக்குச் சங்கிலியோடு மொட்டைமாடிக்கு நடை. சிலிண்டர் கொண்டுவரும் பையன் கேட்டைத் திறந்துபோடும் பழக்கமுள்ளவன். அவன் வரும் நாளில் நானே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் அசந்தால் 63 நாளில் கணக்குத் தெரிந்துவிடும்.

ஆறாம் மாதம் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் ராணி. வெள்ளை ஸ்பிட்ஸ்; நம்மூரில் எல்லோரும் பொமரேனியன் என்பார்கள். வெளியே விடுவதில்லை, குட்டி போடப்போவதில்லை, பிறகெதற்கு ஆபரேஷன் என்பது அப்போது என் கணக்கு. ஒன்பது வயதுவரை அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒரு பருவம் முடிந்து ஐந்து வாரம் இருக்கும். திடீரென்று தண்ணீராகக் குடிக்க ஆரம்பித்தது. கிண்ணம் காலியானால் பக்கெட், பக்கெட் இல்லாவிட்டால் துணி துவைக்கும் கல்லில் தேங்கியது. வெயில் என்று நினைத்தேன். சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டபோது ஒரு கிளினிக்கில் காட்டினேன். வாயு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வயிறு உப்பிப்போய் எழ முடியவில்லை. வேறொரு டாக்டர் ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தவுடன் பேச்சை நிறுத்தினார். கர்ப்பப்பை முழுக்கச் சீழ். அதன் வாய் மூடிக்கொண்டதால் வெளியே ஒரு சொட்டு வரவில்லை. அன்று ராத்திரியே எடுத்தார்கள். எவர்சில்வர் தட்டில் வைத்துக் காட்டினார். அந்த அளவு நாய்க்குப் பென்சில் கனம்கூட இருக்கக் கூடாத உறுப்பு, இரண்டு பிஞ்சுப் புடலங்காயை ஒரு முனையில் ஒட்டவைத்த மாதிரி மினுமினுத்துக்கொண்டு கிடந்தது. அதற்குள் சிறுநீரகம் கெட்டிருந்தது. இரண்டு நாள் சலைன் ஏறியது. மூன்றாம் நாள் விடியற்காலையில் போன் வந்தது.

பெட்டை நாய் இணை சேர்ந்தாலும் சேராவிட்டாலும், ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும் இரண்டு மாதம் அதன் உடம்பு சினையாக இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறது. அதே ஹார்மோன் சுரக்கிறது. கர்ப்பப்பையின் உள்சுவர் தடிக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை, வருடா வருடம். உள்ளே புகுந்த கிருமிக்கு மெத்தை விரித்த மாதிரி. ஸ்வீடனில் வீட்டு நாய்களுக்குக் கருத்தடை செய்யும் வழக்கம் குறைவு. ஆனால் நாய்களுக்குக் காப்பீடு எடுக்கும் வழக்கம் அதிகம். அந்தக் காப்பீட்டுக் கணக்கைப் புரட்டியவர்கள், பத்து வயதுக்குள் ஏறக்குறைய நாலு பெட்டையில் ஒன்றுக்கு இந்தச் சீழ் நோய் வருகிறது என்று கண்டார்கள். இதை நான் படித்தது ராணியைப் புதைத்த பிறகு.

அம்மா ராணிக்காக அழுதவள். ஆனாலும் சீனி விஷயத்தில் அவள் கட்சி வேறு. “ஒரே ஒரு ஈத்து ஈனட்டும். தாயாகாம எதையும் அறுக்கக் கூடாது. பாவம்லா.” இதைச் சொல்லாத ஆளை நான் பார்த்ததில்லை. பால்காரர் சொன்னார், மாடிவீட்டு மாமி சொன்னார், மூன்று குழந்தைகளோடு திண்டாடும் என் சிநேகிதிகூடச் சொன்னாள். ஒரு ஈத்து போட்டால் நாயின் உடம்புக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். “அவரு என்னத்தக் கண்டாரு, ஆம்பள” என்றாள் அம்மா.

மார்கழிப் பாதியில் அவள் கட்சிக்கு ஒரு சாட்சியும் கிடைத்தது. சீனி அம்மாவின் ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலுக்கடியில் பழைய துணியைச் சுரண்டிக் குவித்து, அதன் நடுவில் செருப்பை வைத்துச் சுருண்டுகொண்டது. கிட்டே போனால் உறுமல். மடி கனத்து, தொட்டால் பால். “பாரு ஏட்டி, பிள்ள கேக்கு” என்றாள் அம்மா. பொய்ச் சினை என்று பெயர். உடம்பு நினைத்துக்கொண்ட சினைக்கு உடம்பே நடத்தும் பிரசவம். இந்த நேரத்தில் அறுவை செய்தால் ஹார்மோன் சட்டென்று இறங்கி இதே நிலை நீடித்துவிடலாம். டாக்டர் காத்திருக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். மூன்று வாரத்தில் செருப்பு மறுபடி செருப்பாகிவிட்டது. இப்போது அதைக் கடித்துக் குதறுகிறது.

சரி, ஒரே ஒரு ஈத்து. அதில் பிறப்பவை எங்கே போகும்? அம்மாவின் ஊரில் எங்கே போகும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்குப் பேர்போன கரிசல் பக்கம். நாய் ஈன்றால் கடுவன் குட்டிக்கு அன்றைக்கே ஆள் சொல்லி வைத்துவிடுவார்கள். பெட்டைக் குட்டிகளைத் தாத்தா சாக்கில் போட்டு, சந்தை நாளில் அடுத்த ஊர் எல்லையில் ‘விட்டுட்டு வருவார்’. கிணற்றுக்கும் அதே சொல்தானா என்று நான் கேட்டதில்லை.

சீனி வந்ததும் அப்படித்தான். சித்திரையில், மீன் மார்க்கெட் பின்வாசலில், ஒரு ஆப்பிள் அட்டைப்பெட்டி. உள்ளே நாலு குட்டி. நாலும் பெட்டை. யாரோ துண்டை நாலாக மடித்து உள்ளே விரித்து, சிரட்டையில் பாலும் ஊற்றி வைத்திருந்தார்கள். கல்நெஞ்சுக்காரர் செய்கிற வேலை இல்லை அது. தன் நாயை ஒரு தடவையாவது தாயாகப் பார்க்க ஆசைப்பட்ட, அம்மா மாதிரி ஒரு நல்ல மனுஷியாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன், ஒன்றை மீன்காரம்மா. மறுநாள் போனபோது பெட்டி இருந்தது.

சென்னைக்கு இதில் நீண்ட சரித்திரம் உண்டு. தெரு நாய்களைப் பிடித்துக் கொல்வதுதான் பல காலம் மாநகராட்சியின் வழி. 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ், கொல்வதற்குப் பதில் கருத்தடை என்று 1964-லேயே ஆரம்பித்தது. மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. 2001-ல் நாடு முழுமைக்கும் மத்திய அரசு விதி போட்டது. 2023-ல் புதிதாக எழுதினார்கள். தெரு நாய்களைப் பற்றிய பகுதிகளை வைத்துக்கொண்டு நாம் டிவியில் கத்திக்கொள்கிறோம். வளர்ப்பு நாயின் இனப்பெருக்கத்துக்கும் கருத்தடைக்கும் வளர்ப்பவரே பொறுப்பு என்று 2001 விதியிலேயே ஒரு வரி இருந்தது. அந்த அட்டைப்பெட்டியைப் பற்றிய வரி அது.

ஆகவே, செய்வதா வேண்டாமா என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. எப்போது என்பதில்தான் தூக்கம் கெட்டது. 1969-ல் அமெரிக்காவில் வந்த ஆய்வு ஒன்று: கருத்தடை செய்யாத பெட்டைக்கு மார்புக்கட்டி வரும் ஆபத்தை நூறு என்று வைத்துக்கொண்டால், முதல் பருவத்துக்கு முன் செய்ததற்கு அரை, ஒரு பருவம் கடந்து செய்ததற்கு 8, இரண்டு கடந்தால் 26. டாக்டர்கள் அரை நூற்றாண்டாக ஒப்பித்த கணக்கு இது. 2012-ல் லண்டனில் சிலர் பழைய ஆய்வுகளையெல்லாம் சல்லடை போட்டுப் பார்த்துவிட்டு, ஆதாரம் நினைத்த அளவுக்குக் கெட்டி இல்லை என்றார்கள். மறு வருடமே கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கோல்டன் ரெட்ரீவர்களை ஆராய்ந்து, ஒரு வயதுக்குள் செய்தால் மூட்டுக் கோளாறு கூடுகிறது என்றார்கள். எலும்பிடம் ‘வளர்ந்தது போதும்’ என்று சொல்வதும் இனப்பெருக்க உறுப்புகளின் ஹார்மோன்தான். சீக்கிரம் எடுத்துவிட்டால் சொல்ல ஆள் இல்லை. 2020-ல் அவர்களே 35 இனங்களைப் பார்த்தார்கள். சின்ன இனங்களுக்கு மூட்டுத் தொல்லை அநேகமாக இல்லை. பெரிய இனங்கள் பலவற்றுக்கு உண்டு, அதிலும் இனத்துக்கு இனம், ஆணுக்குப் பெண் வித்தியாசம். கலப்பினங்களை எடை வைத்துப் பிரித்தபோது, 20 கிலோவைத் தாண்டுகிறவற்றுக்கு ஒரு வயதுவரை பொறுப்பது நல்லது என்று தெரிந்தது. சீனி 14 கிலோ. அந்த ஆய்வில் மீன் மார்க்கெட் நாய் ஒன்றுகூட இருந்திருக்காது என்றாலும், கைக்குக் கிடைத்த தராசு அதுதான்.

கீழ்வீட்டு சாரிடம் லாப்ரடார் கடுவன் இருக்கிறது. ஒன்பது மாதம். பேச்சை எடுத்தாலே கால்மேல் கால் போட்டுக்கொள்வார். “ஆம்பளைக்குப் போய் எதுக்கும்மா?” அவர் அவசரப்படாதது சரி, காரணம்தான் தப்பு. இணை சேரும்போது நாய்க்கு நாய் ஒட்டிக்கொள்ளும் புற்றுக்கட்டி ஒன்று நம் தெருக்களில் சாதாரணம். அது ஆண், பெண் பார்ப்பதில்லை. விதையை எடுத்தால் கடிக்கிற நாய் சாதுவாகிவிடும் என்ற நம்பிக்கையும் பாதி பொய். பயத்தில் கடிக்கும் நாய்க்குப் பயம் கூடவும் செய்யலாம்.

எல்லோரும் ‘கு.க.’ என்றே சொல்வதால் மனுஷிக்குச் செய்வதுபோல என்று நினைத்துவிடுகிறோம். மனுஷிக்குக் குழாயை அடைப்பதோடு சரி. நாய்க்குக் கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் சேர்த்தே எடுக்கிறார்கள். அன்றோடு ஹார்மோன் நின்றுவிடும். பசி கூடும், உடம்புக்குத் தேவையான சாப்பாடு குறையும். பழைய அளவிலேயே சோறு போட்டால் பீப்பாய்தான். சில பெட்டைகளுக்கு, பெரிய இனங்களில் கூடுதலாக, பிற்பாடு தூக்கத்தில் மூத்திரம் கசியும். மருந்து இருக்கிறது. அந்த எவர்சில்வர் தட்டைப் பார்த்த எனக்கு இதெல்லாம் சின்ன விலை. பார்க்காதவர்கள் தங்கள் டாக்டரிடம் எடையும் இனமும் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும்.

இவ்வளவையும் அம்மாவிடம் ஒரு மத்தியானம் விளக்கினேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். என் தம்பி பிறந்த மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கு.க. ஆனது.

“எனக்குப் பண்ணும்போது உங்க அப்பா ஒரு நிமிஷம் யோசிக்கல ஏட்டி. கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. இதுக்கு மூணு மாசமா புத்தகத்தப் புரட்டுத.” ஒரு ஈர்க்கை உருவி முடித்துவிட்டுக் கேட்டாள்: “என்னைக்குன்னு குறிச்சிருக்கு?”

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு. பிளேட்லெட் இரண்டரை லட்சம். முந்தின இரவு பத்து மணிக்கு மேல் சோறு கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா சீனியின் கிண்ணத்தைக் கழுவிப் பரண்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். நீங்கள் படிக்கும்போது சீனி கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு கதவு கதவாக இடித்துக்கொண்டிருக்கும். தையல் பிரிக்கப் பத்து நாள்.