‘உடனடி’ என்ற ஒற்றைச் சொல்

உடல் எடையைப் பாதியாகக் குறைத்த ஒருவர், வயிற்றிலிருந்து தொடைவரை தொங்கும் தோலை அகற்றக் காப்பீட்டு அனுமதி கேட்கிறார். ‘அழகு சிகிச்சை’ என்று எழுதிக் கோப்பைத் திருப்பி அனுப்புகிறார்கள். மருத்துவக் காப்பீட்டு விலக்குகளை எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வாசகமாகக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த 2019 செப்டம்பர் விதிகளின் எட்டாவது விலக்குதான் இதற்கு ஆதாரம். 2024-இல் 55 சுற்றறிக்கைகளைத் திரட்டி ஒன்றாக்கினார்களே, அப்போதாவது இதைச் சரிசெய்திருக்கலாம். செய்யவில்லை. இன்று விற்கும் பாலிசித் தாள்களிலும் அதே வாசகம்தான் அச்சாகிறது. இதை ஏற்பதற்கில்லை.

விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்குப் பணம் உண்டு. மற்றபடி பிளாஸ்டிக் சர்ஜரி எதுவானாலும், ‘நேரடியான, உடனடியான’ உடல்நல ஆபத்தை நீக்குவதாக இருந்தால் மட்டுமே உண்டு. அந்தத் தேவைக்குச் சிகிச்சை தரும் மருத்துவரே சான்று தர வேண்டும் என்றும் விதி சொல்கிறது. மருத்துவரும் சான்று தருகிறார். ஆனால் நோயாளியை ஒருமுறைகூடப் பார்த்திராத கிளெய்ம் மேசை, ‘உடனடி’ என்ற சொல்லைக் காட்டி அந்தச் சான்றை ஒதுக்கிவிடுகிறது.

அதே விதிகளின் ஆறாவது விலக்கையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். உடல் நிறை குறியீட்டெண் 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து இதய நோய், கடும் தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்கடங்காத சர்க்கரை நோய் போன்றவை சேர்ந்திருந்தாலோ, எடைக் குறைப்பு அறுவைக்குப் பணம் கிடைக்கும். நல்ல விதி, வரவேற்கிறோம். ஆனால் அந்த அறுவை முடிந்து ஐம்பது, அறுபது கிலோ இறங்கிய உடம்பில் தோல் என்ன ஆகும் என்று அதை எழுதியவர்கள் ஒரு கணம் யோசித்திருக்க வேண்டாமா? பல ஆண்டுகள் இழுபட்ட தோலில் கொலாஜன், எலாஸ்டின் இழைகள் சிதைந்துவிடுகின்றன. உடற்பயிற்சி தசையை இறுக்கும். இந்தத் தோலை இறுக்காது. வயிற்றுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதன் விளைவான தோலுக்கு மட்டும் கையை விரிப்பது என்ன நியாயம்?

அந்தத் தோலோடு வாழ்வது எப்படி என்பதைச் சொல்லியாக வேண்டும். தொங்கும் மடிப்புக்குள் காற்று புகாது. நம் ஊர் வெயிலில் வியர்வை அங்கேயே தேங்கும். தோலோடு தோல் உரசிச் சிவக்கும், பிறகு வெடிக்கும், பூஞ்சை பிடிக்கும், நாற்றம் அடிக்கும். பவுடர், களிம்பு, மடிப்புக்குள் செருகிய பருத்தித் துணி என்று நாள் போகும். ஆறியது மறுவாரமே திரும்ப வரும். சர்க்கரை நோய் மிச்சமிருப்பவர்களுக்கு இந்தப் புண் வழியே கிருமி உள்ளிறங்கினால் மருத்துவமனைப் படுக்கைதான். பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர் முகம் சுளிப்பாரோ என்று நின்றபடியே பயணம் செய்பவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் அழகு கேட்டு வந்தவர்களா?

அறுவையும் லேசானதல்ல. இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை நீளும் தழும்பு, நீர் வடியக் குழாய்கள், தையல் பிரியும் அபாயம், காலில் இரத்தம் உறையும் அபாயம் எல்லாம் உண்டு. தொங்கும் தோலை மட்டும் வெட்டி அகற்றுவது ஒன்று. வயிற்றுத் தசையை இழுத்துத் தைத்துத் தொப்புளை இடம் மாற்றி வடிவம் தருவது வேறொன்று. மருத்துவர்கள் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். கிளெய்ம் மேசைக்கு இரண்டும் ஒன்றே.

இனி அந்த ‘உடனடி’க்கு வருவோம். எடைக் குறைப்பு அறுவைக்குப் பிறகு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு காத்திருக்கச் சொல்வது மருத்துவம். எடை சில மாதங்கள் ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். அதற்கு முன் வெட்டினால் புண் ஆறுவது சிக்கலாகலாம், மீண்டும் தோல் தொங்கலாம். களிம்பும் மருந்தும் போட்டுப் பார்த்துப் பலனில்லை என்ற பிறகே கத்தியைத் தொடுகிறார்கள். நோயாளி சொன்னபடி காத்திருக்கிறார். இத்தனை நாள் காத்திருந்தவருக்கு உடனடி ஆபத்து எங்கே என்று அந்தக் காத்திருப்பையே அவருக்கு எதிராகத் திருப்புகிறார்கள். மருத்துவத்துக்குக் கட்டுப்பட்டதற்காகவே ஒருவருக்குத் தண்டனை. இப்படி ஒரு வாசகத்தை எழுதியதும் குற்றம், ஐந்தாண்டு கழித்துத் திருத்தும் வாய்ப்பு வந்தும் விட்டதும் குற்றம்.

ஆணையத்தாருடைய கவனக்குறைவு புதிதல்ல. உடல் நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்ற சட்டம் 2018 மே மாதமே நடப்புக்கு வந்தது. சுற்றறிக்கைகளோடு கடமை முடிந்ததாக இருந்துவிட்டார்கள். மறுக்கப்பட்டவர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். எல்லா பாலிசிகளும் சட்டத்துக்கு இணங்க வேண்டும் என்று கண்டிப்பாகக் கெடு விதித்தது 2022 அக்டோபரில்! நான்கு ஆண்டுகளுக்கு மேல் எத்தனை குடும்பங்கள் நகையை அடகு வைத்திருக்கும்? முதியவர் விஷயத்திலும் இதே கதைதான். 65 வயதைக் கடந்தவருக்குப் புதிய பாலிசி தர மறுக்கலாம் என்ற நிலையை மாற்ற 2024 வரை ஆயிற்று. கொரோனா நாட்களில் பாலிசி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே ரொக்கம் கட்டியவர்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மக்கள் அடிபட்டு, வழக்காடி, சலித்துப் போன பிறகே இவர்கள் பேனாவைத் திறக்கிறார்கள்.

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாமே என்பார்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத வேண்டும், ஒரு மாதம் பார்க்க வேண்டும், அப்புறம் மனு. புண்ணோடு அலைபவரிடம் இதைச் சொல்ல மனம் வர வேண்டும்.

2025-இல் எடை குறைக்கும் ஊசி மருந்துகள் இந்தியக் கடைகளுக்கு வந்துவிட்டன. கத்தி படாமலே பெரிய அளவில் எடை குறைப்பவர்கள் இனிப் பெருகுவார்கள். தொங்கும் தோலோடு மருத்துவமனைக்கு வருபவர்களும் பெருகுவார்கள். விதி எழுதுபவர்கள் பிளாஸ்டிக் சர்ஜன்களையும் இந்தத் தோலைச் சுமக்கும் நோயாளிகளையும் அழைத்து உட்கார வைத்துப் பேச வேண்டும். மருத்துவரின் சான்றுக்கு அதற்குரிய மதிப்பைத் தர வேண்டும். அடுத்த திருத்தம் எப்போது வந்தாலும், அந்த ‘உடனடி’ எட்டாவது விலக்கில் இருக்கக் கூடாது.