எல்லாம் ஆப்பிரிக்கன் தானே தம்பி?

நம்ம ஊர்ல 'லவ் பேர்ட்ஸ்'னு கூண்டு கூண்டா விக்கிறாங்களே, அது உண்மையில லவ் பேர்டே இல்லைங்க. அது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜி. நிஜ லவ் பேர்டுக்குக் கடைகள்ல பேரு 'ஆப்பிரிக்கன்'. அதுல மட்டும் மொத்தம் 9 இனம். இந்த விவரமெல்லாம் எனக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள ஒரு தப்பு பண்ணிட்டேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பீச்ஃபேஸ் வாங்கினேன். நான் ஆபீஸ் முடிஞ்சு வர்ற வரைக்கும் அது தனியா உட்கார்ந்திருக்கும். பாவமா இருந்துச்சு. துணைக்கு ஒண்ணு கேட்டதும் கடைக்காரர் ஒரு ஃபிஷரை எடுத்துக் கொடுத்து, "எல்லாம் ஆப்பிரிக்கன் தானே தம்பி, சேர்ந்துக்கும்"னார். சேர்ந்துடுச்சு. அதான் பிரச்சனையே. இதுங்களைப் பார்த்து ஆணா பெண்ணான்னு சொல்ல முடியாது. முதல் முட்டை வந்தப்புறம்தான் முழிச்சுகிட்டேன்.

பீச்ஃபேஸ் கூடு கட்டறப்ப காகிதத்தை நீளநீளமா கிழிச்சு, வால் பக்கத்து இறகுல செருகி எடுத்துட்டுப் போகும். ஃபிஷர் அலகுல ஒவ்வொண்ணா தூக்கிட்டுப் போகும். இந்த ரெண்டுக்கும் பிறந்த குஞ்சுகளைப் பத்தி கார்னெல் பல்கலைக்கழகத்து வில்லியம் டில்கர் 1962-ல 'சயின்டிஃபிக் அமெரிக்க'னில் எழுதியிருக்கார். அதுங்க இறகுல செருகப் பார்க்கும், விழுந்துடும். திரும்பச் செருகும், திரும்ப விழும். அலகுல தூக்கிட்டுப் போனா வேலை முடிஞ்சுதுன்னு பழகவே வருஷக்கணக்குல ஆச்சு. நம்ம பாஷையில சொன்னா கம்பைல் ஆயிடுச்சு, ரன் ஆகலை. இவ்வளவு பாடுபட்டும் அதுங்களுக்கு வாரிசும் கிடையாது, மலடு.

மலடா இல்லைன்னா இன்னும் சிக்கல். ஃபிஷரும் மாஸ்க்கும் சேர்ந்தா குஞ்சுங்க நல்லாவே இனம் பெருக்கும். கென்யாவோட நைவாஷா ஏரிப் பக்கம் தப்பிப் போன பறவைகள் கலந்து, கலப்புக் கூட்டமே இருக்கு. கூண்டுல பிறந்த கலப்பை யாரோ 'ஃபிஷர்'னு வாங்கி மறுபடி ஜோடி சேர்ப்பாங்க. 1980கள்ல வியாபாரத்துக்காக அளவில்லாம பிடிக்கப்பட்ட இனம் அது. கூண்டுலயாவது அது அதுவா இருக்க வேணாமா?

நண்பன் ஒருத்தன் மடக்கினான்: "ஜாதி விட்டு ஜாதி கல்யாணத்துக்குக் கொடி பிடிப்பே, பறவைன்னா மட்டும் ஆச்சாரமா?" டேய், ஜாதி நாம கட்டினது. மனுஷன் எல்லாரும் ஒரே இனம். இதுங்க வேற வேற இனம். அதுவும் தானா தேடிப் போய்ச் சேரலை. வேற வழியில்லாத ஒரு கூண்டுல நான் அடைச்சு வெச்சேன். கஷ்டப்படப் போறது குஞ்சு.

இப்ப பிரிக்க மனசு வரலை. ஒண்ணுக்கொண்ணு அவ்வளவு ஒட்டிடுச்சு. அதனால கூட்டுப்பெட்டி வைக்கிறதில்லை. முட்டை வந்தா பிளாஸ்டிக் முட்டையை மாத்தி வைக்கிறேன். சும்மா எடுத்துட்டா பெட்டை திரும்பத் திரும்ப முட்டையிட்டு உடம்பு தேஞ்சுடும்.

பட்ஜி, காக்டெயில் வெச்சிருக்கவங்களுக்கும் ஒரு வார்த்தை. லவ் பேர்டோட அதுங்க கலக்காதுதான். ஆனா ஒரே கூண்டுல விட்டா லவ் பேர்ட் கால் விரலைக் கடிச்சுத் துண்டாக்கிடும்.

பெட்டி இல்லாட்டியும் என் பீச்ஃபேஸ் விடறதில்லை. எப்படியோ காலண்டர் தாளைக் கிழிச்சு இறகுல செருகிகிட்டு கூண்டு பூரா இடம் தேடுது. பார்க்கறப்பல்லாம் குத்துது.

ஃபிஷருக்கும் மாஸ்க்குக்கும் கண்ணைச் சுத்தி வெள்ளை வளையம் இருக்கும், பீச்ஃபேஸுக்கு இருக்காது. துணைக்கு வாங்கப் போறவங்க முதல்ல கண்ணைப் பாருங்க. கடைக்காரர் பேச்சை அப்புறம் கேட்டுக்கலாம்.