கடல் தன்னைத் தூய்மையாக்கும் திறனுக்கும் எல்லை உண்டு: மேற்குக் கரை உணர்த்தும் பாடம்

நாட்டின் மேற்குக் கரையில் பருவமழைக்கால மீன்பிடித் தடை ஜூலை 31-ஆம் தேதியுடன் முடிவடைகிறது. படகுகள் கடலுக்குத் திரும்பிய பின்னர், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், கரையோரக் கடலின் அடிப்பகுதியில் ஆக்சிஜன் மிகக் குறைந்த அளவுக்குச் சரிகிறது. இச்சரிவில் முக்கியப் பங்கு வகிப்பவை கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்கள்.

ஒரு மில்லி லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 10 லட்சம் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. இறந்த நுண்பாசிகள், உயிரினங்களின் கழிவுகள், நகரக் கழிவுநீர் என அனைத்துக் கரிமப் பொருள்களும் அவற்றுக்கு உணவாகின்றன. பெரிய மூலக்கூறுகளை நொதிகளால் சிதைத்து அவை உட்கொள்ளும்போது, நுண்பாசிகள் மீண்டும் வளரத் தேவையான நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகள் நீரில் கலக்கின்றன. கடலின் உணவுச் சங்கிலி இந்தச் சுழற்சியையே பெரிதும் சார்ந்துள்ளது.

ஆக்சிஜன் தீர்ந்தால்...

இப்பணிக்கு ஆக்சிஜன் தேவை. அது தீர்ந்துவிட்டால், சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைப் பயன்படுத்தத் தொடங்குகின்றன. அப்போது, கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு புவி வெப்பமாக்கும் திறன் கொண்ட நைட்ரஸ் ஆக்சைடு உருவாகிறது. நைட்ரேட்டும் தீர்ந்தால், வேறு வகை பாக்டீரியாக்கள் சல்பேட்டைப் பயன்படுத்துகின்றன. அதன் விளைவாக, மீன்களுக்கு நஞ்சான ஹைட்ரஜன் சல்பைடு வெளியாகிறது.

மேற்குக் கரையில் இந்நிலைக்கு அடிப்படை இயற்கையே. பருவமழைக் காலத்தில் அரபிக்கடலின் ஆழத்திலிருந்து, ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்த நீர் கரையை நோக்கி மேலெழுகிறது. மழைநீரும் ஆற்றுநீரும் அதன்மீது மெல்லிய படலமாகப் பரவி, காற்றிலுள்ள ஆக்சிஜன் கீழே செல்வதைத் தடுக்கின்றன. சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் இந்நிலை நிலவுகிறது. இதனால் அடிமட்ட மீன்களும் இறாலும் வழக்கமான இடங்களைவிட்டு விலகுகின்றன. மீனவர்களின் வருவாய் பாதிக்கப்படுகிறது.

எனினும் மனிதர்களின் பங்கையும் ஒதுக்கிவிட இயலாது. நிலத்திலிருந்து வரும் நைட்ரேட் இச்சிக்கலைத் தீவிரமாக்கியிருக்கக்கூடும் என்று, கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவன விஞ்ஞானிகள் 2000-ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில் சுட்டிக்காட்டினர்.

பாதிக்கும் குறைவான சுத்திகரிப்பு

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நாட்டின் நகரங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. இதில் சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி லிட்டர் மட்டுமே. அதாவது சுமார் 28 சதவீதம். எஞ்சியதில் ஒரு பகுதி ஆறுகள், கழிமுகங்கள் வழியாகக் கடலைச் சேர்கிறது.

கழிவுநீரைச் சிதைக்க பாக்டீரியாக்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்பதே, மாசின் அளவுகோலாகவும் கொள்ளப்படுகிறது. குளிப்பதற்கு உகந்த கடல்நீரில் இத்தேவை லிட்டருக்கு 3 மில்லி கிராமுக்கு மிகக்கூடாது என்பது விதி. ஆனால் கடலில் விடப்படும் கழிவுநீருக்கான பொது வரம்பு 100 மில்லி கிராம். ஆறு, ஏரிகளில் விடுவதற்கோ 30 மட்டுமே. பரந்த கடல் கழிவை நீர்த்துப்போகச் செய்துவிடும் என்ற கருத்தே இந்த வேறுபாட்டின் பின்னணி.

ஆண்டுதோறும் ஆக்சிஜன் வற்றும் கடற்பகுதிக்கு அக்கருத்து பொருந்துமா என்பது மறுபரிசீலனைக்குரியது. பருவக்காற்றையோ ஆழ்நீர் மேலெழுவதையோ தடுக்க எவராலும் இயலாது. கரையில் உள்ள நகரங்களின் கழிவுநீரைச் சுத்திகரிப்பது மட்டுமே நிர்வாகத்தின் கையில் உள்ளது.