வொலியூம் கோட்டை யார் கீறுவது?

எங்கட ஊர்களில இப்ப ஒலிப்பதிவு செய்யிறது பெரிய வேலையில்லை. ஒரு லப்டொப், ஒரு ஓடியோ இன்ரர்ஃபேஸ், மூண்டு நாலு மைக் இருந்தால் காணும். திருவிழா மேளச் சமா அடுத்த நாளே யூரியூப்பில் வந்துவிடுகிறது. நல்ல விசயம்தான். ஆனால் அப்படி வருகிற பதிவுகளில் கனக்க ஒரே மாதிரிக் கேட்கின்றன. ஆலாபனைக்கும் அதே சத்தம், தனி ஆவர்த்தனத்துக்கும் அதே சத்தம். இதை வெறும் ரசனைப் பிரச்சினை என்று நாங்கள் நினைக்கவில்லை. இணுவில் மாதிரி ஒரு ஊருக்கு இது இழப்பு.

ஏன் இணுவில்? தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1933இல் பிறந்த ஊர் இது. தகப்பன் விசுவலிங்கமும் தவில் வித்துவான். தெட்சணாமூர்த்தி 1975இல், நாற்பது வயது கடந்த கையோடு காலமானார். அவரை நேரில் கேட்டவர்கள் இன்று முதியவர்கள். எங்கட வயதுக்காரருக்கு அவர் ஒலிப்பதிவில் மட்டும்தான் இருக்கிறார். இன்றைக்கு வாசிக்கிற வித்துவான்களும் ஐம்பது வருசத்துக்குப் பிறகு வருகிறவர்களுக்கு அப்படித்தான் இருப்பார்கள். பதிவு செய்கிற பெடியனோ பெட்டையோ லப்டொப்பில் எடுக்கிற முடிவு, அவர்களுடைய வாசிப்பு எப்படி இருந்தது என்பதற்கான சாட்சியாகிவிடும்.

சத்தம் எங்கே தட்டையாகிறது? பெரும்பாலும் கொம்ப்ரெஸரிலும் லிமிட்டரிலும். குறித்த அளவைத் தாண்டுகிற சத்தத்தைக் கொம்ப்ரெஸர் அமுக்கும். பிறகு முழுவதையும் தூக்கிவிட்டால் சின்னச் சத்தமும் பெரிய சத்தமும் கிட்டக்கிட்ட வந்து நிற்கும். அளவாகப் போட்டால் அது நல்ல கருவி. ஆனால் அதுக்குத் தாளமும் தெரியாது, தீர்மானமும் தெரியாது. வலந்தலையில் விரல்கூடு விழுகிற கூர்மையான அடியைக் கண்டால் உடனே அமுக்கும், அவ்வளவுதான்.

இதற்கு மாற்றாக எல்லா மென்பொருளிலும் ஒரு வசதி இருக்கிறது: வொலியூம் ஓட்டோமேஷன். ட்ராக்கின் மேல் ஒரு கோடு கீறி, எந்த இடத்தில் எவ்வளவு கூட வேண்டும், எவ்வளவு குறைய வேண்டும் என்று நாங்களே சொல்லலாம். ரீப்பர், எஃப்.எல். ஸ்ரூடியோ எல்லாவற்றிலும் இருக்கிறது. இலவசமான ஓடாசிற்றியில்கூட என்வலப் என்ற பெயரில் இருக்கிறது. இது புதுசும் இல்லை. கணினியால் இயங்கும் ஃபேடர்கள் 1970களில் வருவதற்கு முதல், பெரிய ஸ்ரூடியோக்களில் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி நின்று, பாட்டு ஓடஓடக் கையால் ஃபேடரை ஏற்றி இறக்கினார்கள். அந்தக் கைகளின் வேலையைத்தான் இப்போது ஒரு கோடு செய்கிறது.

மேளத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், வாசிக்கிறவர்கள் ஏற்கெனவே வொலியூமை ஆளுகிறார்கள். நாதஸ்வரம் ராகத்தை விரிக்கிறபோது தவில் ஒதுங்கி நிற்கும், கீர்த்தனையில் அணைந்து போகும், தனியில் திறந்துவிடும். இதைக் குழப்புவது மைக். நாதஸ்வரக்காரர் குழலை அசைத்து அசைத்துத்தான் வாசிப்பார். மைக்குக்கும் குழலுக்கும் உள்ள தூரம் இரட்டித்தால் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் விழும். எதிரில் இருந்து கேட்டவருக்கு அந்த விழுகை தெரியாது. பதிவில் மட்டும் ஒரு பள்ளம் இருக்கும்.

ஆக, பதிவில் இரண்டு வகை இறக்கம் இருக்கிறது. ஒன்று வித்துவான் வேண்டுமென்றே இறக்கியது. மற்றது மைக்கால் வந்தது. இரண்டாவதைத் தூக்க வேண்டும், முதலாவதில் கை வைக்கக்கூடாது. எது எது என்று காதும் சங்கீத அறிவும்தான் சொல்லும். தானாக அளவு சரிசெய்கிற ப்ளகின்களை நம்பி விட்டால் இரண்டையும் ஒன்றாகத்தான் தூக்கும். அதனால்தான் கோட்டைக் கையால் கீற வேண்டும் என்கிறோம்.

கனபேர் இதை விட்டுவிடுவதற்கு ஒரு சின்னக் காரணமும் உண்டு. கோடு கீறிய பிறகு ஃபேடரை இழுத்தால், ப்ளே பண்ணினதும் அது திரும்பப் பழைய இடத்துக்கு ஓடிவிடும். எரிச்சல்தான். ஆனால் அது பிழை இல்லை. ரீட் நிலையில் ஃபேடர் கோட்டுக்குத்தான் கட்டுப்படும். ரீப்பரில் ட்ரிம்/ரீட் என்ற நிலைக்கு மாற்றினால் கோடு தன்பாட்டில் வேலை செய்யும், ஃபேடர் அதுக்கு மேல் மொத்த அளவைக் கூட்டிக் குறைக்கும். வேறு மென்பொருள் என்றால், ட்ராக்கின் கடைசியில் ஒரு கெயின் ப்ளகின் போட்டு அதில் கோடு கீறுங்கோ, ஃபேடர் உங்கட கைக்கே வந்துவிடும். வரிசையும் முக்கியம். மைக்கால் வந்த பள்ளங்களை க்ளிப் கெயினால், அதாவது கொம்ப்ரெஸருக்கு முன்னாலேயே நிரப்ப வேண்டும். தவிலை எங்கே முன்னுக்குக் கொண்டுவருவது என்பதை அதுக்குப் பிறகு செய்ய வேண்டும். மாறிச் செய்தால், நீங்கள் ஏற்றினதைக் கொம்ப்ரெஸர் இறக்கிவிடும்.

"ஃபோனில, பஸ்ஸில கேட்கிறவைக்கு மெல்லிய சத்தம் கேக்காதே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதுக்கும் விடை கோடுதான். மெல்லிய இடத்தை 2, 3 டெசிபல் தூக்கினாலே ஃபோனில் பிடிபடும். அதுக்காகத் தீர்மானத்தை அமுக்கத் தேவையில்லை. சத்தத்தைக் கூட்டி மற்றவர்களை முந்தலாம் என்ற கணக்கும் இப்போது சரிவராது. யூரியூப்பும் ஸ்பொட்டிஃபையும் சத்தம் கூடின பதிவைத் தாங்களே குறைத்துவிடுகின்றன. ஸ்பொட்டிஃபையின் வழமையான இலக்கு மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். அமுக்கி அமுக்கிச் சத்தமாக்கின பதிவு அங்கே போய்க் குறைக்கப்படும். அமுக்கம் மட்டும் மிஞ்சும்.

நேரம்தான் உண்மையான சிக்கல். அரை மணித்தியாலச் சமாவுக்கு முழுக்கக் கோடு கீற ஒரு பின்னேரம் போய்விடும். அதுக்குக் காசு தர ஆளில்லை. திருவிழாவுக்கு லைட்டுக்கும் பந்தலுக்கும் செலவழிக்கிற உபயகாரர், பதிவு என்று வந்தால் "சும்மா போட்டுவிடு தம்பி" என்கிறார். இதை மாற்றுவது பதிவு செய்கிறவர்களால் மட்டும் முடியாது. கேட்கிற நாங்களும் நல்ல பதிவு வேணும் என்று கேட்க வேண்டும்.

அதுவரைக்கும் குறைந்தது ஒன்று செய்யலாம். மிக்ஸ் பண்ணாத மூலப் பதிவை அழிக்காமல் வையுங்கோ. நாலு மைக், 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் ஒரு மணித்தியாலம் பதிந்தால் ஏறத்தாழ 2 ஜிகாபைட்தான். ஒரு பென் ட்ரைவில் ஒரு திருவிழாவே அடங்கும். வாசித்தவருக்கு ஒரு பிரதி குடுங்கோ. பக்கத்தில் மருதனார்மடத்தில் இசை படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று குடுங்கோ. கோட்டை இன்றைக்குக் கீற நேரமில்லாவிட்டால் பத்து வருசம் கழித்தும் கீறலாம். அமுக்கின கோப்பு மட்டும் மிஞ்சினால், அமுங்கின அடியைத் திரும்ப எடுக்க எந்த மென்பொருளாலும் ஏலாது.